அடிபம்பு உப்பான வருசம்

வகுப்பிலிருந்த செயற்கை நுண்ணறிவு எதைக் கேட்டாலும் நொடியில் பதில் சொன்னது. அதற்குத் தெரியாத கேள்வியைக் கொண்டுவருபவருக்கே முழு மதிப்பெண் என்று ஆசிரியை பெனாசிர் அறிவித்தார். மூன்று நாள் எல்லாரும் தோற்றார்கள். நான்காம் நாள் எஸ்தர் எழுந்தாள்.

"எங்க தெரு அடிபம்புல தண்ணி எந்த வருசம் உப்பாச்சு?"

கடல்மட்டம் பற்றி நீளமாகப் பேசிய இயந்திரம், "அந்தத் தெருவைப் பற்றி என்னிடம் தகவல் இல்லை" என்று முடித்தது. வகுப்பே எழுந்து கத்தியது. பெனாசிருக்கும் பதில் தெரியாது; சாக்பீஸை வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தார்.

"வாங்க, தெருவையே கேப்போம்!"

நாற்பது பேரும் நோட்டோடு எஸ்தரின் தெருவுக்கு வெயிலில் ஓடினார்கள். முதல் வீட்டுக் கதவைத் திறந்த பெண் கேள்வியைக் கேட்டுச் சிரித்தாள்.

"எங்க கல்யாணச் சாப்பாடே அந்தத் தண்ணியிலதான் ஆக்குனோம், டீச்சர். அப்ப இனிச்சுக் கெடந்துச்சு."

"கல்யாணம் எந்த வருசம்க்கா?" என்றார் பெனாசிர். நாற்பது பேனாக்கள் காத்து நின்றன.