யாரும் தொடாத வரிகள்

“செட்டிங்ஸ் ஃபைல்ல அந்த வரிகள்ல மட்டும் கை வைக்காதீங்கம்மா,” என்றார் மேலாளர்.

நேற்று வேலைக்குச் சேர்ந்தவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வெச்சாதான் சார் சர்வர் வேகமாகும். நெட்வொர்க் கார்டு புதுசு, பழசை விடப் பத்து மடங்கு வேகம். ஆனா ஒரே நேரத்துல எவ்வளவு டேட்டா வாங்கலாம்ங்கிற அளவு பழைய மெஷினுக்குப் போட்டது. பெரிய குழாயைப் போட்டுட்டு வாயில சின்னப் புனலை வெச்ச மாதிரி.”

“அதை எழுதினவர் லேசுப்பட்ட ஆள் இல்ல. ‘யாரும் தொடாதீங்க’ன்னு மேலயே எழுதி வெச்சிருக்கார். நான் இங்க வர்றதுக்கு முன்னாடியே வேலையை விட்டுப் போயிட்டார். எத்தனையோ மெஷின் மாத்திட்டோம், அந்த வரிகளை மட்டும் அப்படியே காப்பி பண்ணிப் போடுறோம்.”

“அதான் மூச்சு முட்டுது. அழிச்சிட்டா ஆப்பரேட்டிங் சிஸ்டமே தேவைக்கேத்த அளவை வெச்சுக்கும்.”

மேலாளருக்குச் சுருக்கென்றது. “முதலாளி நேரா கூட்டிட்டு வந்தா என்ன வேணா பண்ணலாமா? இத்தனை வருஷம் குழந்தையோட வீட்ல இருந்துட்டு, வந்த மறுநாளே அதை எழுதினவரையே திருத்தப் பாக்குறீங்க.”

அவள் அத்தனை வரிகளையும் அழித்துவிட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்தாள். சற்று நேரத்தில் திரையில் வேகக்கோடு விறுவிறுவென்று மேலே ஏறியது.

மேலாளர் அப்போதும் விடவில்லை. “நாளைக்கே எழுதினவரே வந்து ஏன் அழிச்சீங்கன்னு கேட்டா?”

அவள் நாற்காலியைத் திருப்பினாள்.

“வந்தாச்சு சார். எழுதினது நான்தான். இத்தனை வருஷமா ஏன் யாருமே அழிக்கல?”