கையில் வந்த செருப்பு

"பாருங்கடி கூத்தை! புருஷனை வெறுங்காலோட நடக்கவிட்டு, அவன் செருப்பைக் கையில தூக்கிட்டு வர்றா. சர்தார்ஜி அதைத் துடைக்கலைன்னா இவளுக்குச் சோறு இறங்காது போல!"

குருத்வாரா வாசலில் ஊர்க்காரி பச்னோ சொன்னது சிந்தோவின் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் பச்னோவும் சொன்னாள்.

சிந்தோ நடையைத் தளர்த்தவில்லை. ஒரு கையில் ஐந்து வயது மகள் ராஜ்ஜி. இன்னொரு கையில், பழைய துப்பட்டாவில் சுற்றிய செருப்பு.

"திரும்பிடலாம்டி," என்றான் அவள் புருஷன் பீரா. "எவ்வளவு பெரிய மனுஷன்! ஏழு நாளா ஊரார் செருப்பையெல்லாம் துடைக்கிறாரு. போதாதா?"

"அடி வாங்கினது ஊரா, நீங்களா? முடிச்சு வைக்க வேண்டியதும் நீங்கதான். வாங்க."

பன்னிரண்டு வருஷமாகச் சர்தார்ஜி நாஜர் சிங்கின் வயலில் உழைக்கிறவன் பீரா. கோதுமை விதைத்த அன்று தாகம் தாங்காமல், அவர் வீட்டுப் பானையில் ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டுவிட்டான். "எங்க பானையில உன் சாதிக் கை படறதா?" என்று மண்வெட்டிக் காம்பாலேயே விளாசிவிட்டார் அவர்.

விஷயம் குருத்வாராவுக்குப் போனது. பெரியவர்கள் ஐந்து பேர் கூடி விசாரித்தார்கள்.

"குருவோட வீட்டுல எல்லாருக்கும் ஒரே பானை, ஒரே பந்தி. அதை மறந்துட்டே நாஜர் சிங். ஏழு நாள் வாசல்ல உட்கார்ந்து, வர்றவங்க செருப்பைத் துடை!"

இன்று ஏழாம் நாள். பீராவும் சிந்தோவும் சபையில் 'மன்னித்தோம்' என்று சொல்லிவிட்டால், பீரா மறுபடி வேலைக்குப் போகலாம். ஆறு நாளாக மாட்டேன் என்று நின்றவள் சிந்தோ. கல்நெஞ்சக்காரி என்று ஊரே பேசிவிட்டது.

செருப்பு வைக்குமிடத்தில் நாஜர் சிங் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு ஜோடியாகத் துடைத்து, விரலில் ஒட்டிய தூசியை நெற்றியில் பூசிக்கொண்டார். வெள்ளைத் தாடியெல்லாம் புழுதி. பார்த்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சிந்தோ அவர் எதிரே மண்டியிட்டாள். துணியைப் பிரித்துச் செருப்பை நீட்டினாள். அவர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார்.

"மன்னிச்சிடும்மா."

"ஐயோ, நீங்க பெரியவங்க! அப்படியெல்லாம் சொல்லாதீங்க சர்தார்ஜி!"

ராஜ்ஜி கால் கழுவும் தண்ணீரில் இறங்கி ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் உள்ளே போனார்கள்.

"என்னம்மா சொல்றே?" என்று கேட்டார் சபையில் வேதம் ஓதும் கிரந்தி.

"எங்க மனசுல இப்போ ஒண்ணுமில்லீங்க. நாளைக்கே இவர் வேலைக்குப் போவாரு."

'சத் ஸ்ரீ அகால்' என்ற முழக்கம் கூரையைத் தொட்டது. நாஜர் சிங்கின் பணிவைப் பற்றி கிரந்தி கால்மணி நேரம் பேசினார். பீராவின் முதுகைப் பற்றி யாரும் பேசவில்லை.

"உன்னைத் தப்பா நெனச்சிட்டேன்டி," என்று பச்னோ சிந்தோவைக் கட்டிக்கொண்டாள்.

பந்தியில் உட்கார்ந்து முதல் ரொட்டியைப் பிட்டபோது, ராஜ்ஜி ஈரப் பாவாடையோடு ஓடிவந்து மடியில் ஏறினாள்.

"அம்மா, சர்தார்ஜி எல்லார் செருப்புத் தூசியையும் நெத்தியில பூசிக்கிறாருல்ல?"

"ஆமாடி கண்ணு. எவ்வளவு நல்ல மனசு பாரு."

"அப்போ நம்ம செருப்பைத் தொட்டதுக்கு மட்டும் ஏம்மா குழாயடிக்கு ஓடிப்போய், சோப்புப் போட்டு ரெண்டு தடவை கை கழுவினாரு?"

சிந்தோவின் கையில் ரொட்டி அப்படியே நின்றது.

"வயசானவர் கையில அழுக்குப் படக் கூடாதுன்னு, நீதான் காலையிலயே அதைத் தேய்ச்சுக் கழுவி, மண்ணு ஒட்டாம கையில தூக்கிட்டு வந்தியேம்மா?"