ஒப்பாரிப் பேரரசி

சேர்மன் நஞ்சப்பன் கண்கலங்க, ஒப்பாரி பாடும் தீர்த்தம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தினார். அரூர்த் திடலில் கூடியிருந்த ஜனம், ‘கலைக்காக உருகுற மனுஷன்’ என்று கை தட்டியது.

கலையாவது கத்தரிக்காயாவது! அவருக்கு வேண்டியது அடுத்த எலெக்‌ஷனில் எம்.எல்.ஏ. சீட். அவருடைய அப்பா மாதுவுக்கு எண்பத்தாறு வயது; இன்றோ நாளையோ. சாவுக்கு வருவதாக மந்திரி இப்போதே வாக்குக் கொடுத்துவிட்டார். மந்திரி வருகிற சாவில் தீர்த்தம்மாள் ஒப்பாரி இல்லையென்றால் மானம் போகும்.

சிக்கல் என்னவென்றால், எட்டு வருஷத்துக்கு முன் அம்மா செத்தபோது, “போதும் நிறுத்து, பொணத்தை எடுக்கணும்” என்று பாதிப் பாட்டில் இவர் அதட்டியிருந்தார். “இனிமே உன் வூட்டு வாசல மிதிக்கமாட்டேன்” என்று போனவள்தான் அவள். அவளைச் சரிக்கட்டத்தான் இந்த வாழ்நாள் சாதனை விருதும் ‘ஒப்பாரிப் பேரரசி’ பட்டமும்.

தீர்த்தம்மாளுக்கு அப்படியொரு மவுசு. செத்தவர் வாழ்ந்ததையும் பட்டதையும் ஒன்றுவிடாமல் விசாரித்து, ஆள் பேரோடு பாடிவிடுவாள். பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு மாமியார் சாவில், மூன்றாவது அடி வருவதற்குள் மருமகள் கொல்லை வழியாக ஓட்டம் பிடித்தாள்.

“பெரியவரு எப்படி இருக்காருங்க?” என்று கேட்டாள் தீர்த்தம்மாள்.

“ராஜா மாதிரி வெச்சிருக்கேன் ஆத்தா! செவ்வாக்கிழமையானா அவரே தடிய ஊனிக்கிட்டு அரூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிடறாருன்னா பாத்துக்குங்களேன்.”

சொல்லிவிட்டு, மைக்குக்கு நேராகவே சாஷ்டாங்கமாக அவள் காலில் விழுந்தார். “பழச மறந்துடுங்க. அப்பா போனா நீங்கதான் வந்து பாடணும். இத்தன பேரு முன்னால சத்தியம் பண்ணுங்க!”

அவர் எழுந்து நீட்டிய கையில் தீர்த்தம்மாள் அடித்தாள். “சத்தியமா வந்து பாடறேனுங்க சேர்மன். யாரு தடுத்தாலும் முழுசாப் பாடிட்டுத்தான் எந்திரிப்பேன்.”

கைதட்டலில் பந்தலே அதிர்ந்தது. நஞ்சப்பனுக்கு எம்.எல்.ஏ. ஆகிவிட்ட மாதிரியே இருந்தது.

“அப்பாவப் பத்தி நாலு வார்த்தை சொல்ல, நானே ஒருநாள் உங்க வூட்டுக்கு வரேன் ஆத்தா.”

தீர்த்தம்மாள் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு மைக்கை விட்டு நகராமலேயே சொன்னாள்.

“எதுக்குங்க சிரமம்? செவ்வாக்கிழமை தவறாம உங்கப்பாவே வந்து சொல்லிட்டுப் போறாரு. நிலத்த எழுதி வாங்கினதுல ஆரம்பிச்சு, மாட்டுக்கொட்டாயில கட்டில் போட்டது வரைக்கும் பாட்டு கட்டியாச்சுங்க.”