மூணு இடத்துல வந்தா சரி

ஆக்சிலியா வேண்டுமென்றேதான் செய்கிறாள் என்று மாதவராஜுக்குத் தெரிந்துபோனது.

பொம்மிடி ஸ்டேஷன் ரோட்டு மாடி ஆபீஸில் அவர்தான் சூப்பர்வைசர். கம்ப்யூட்டர் இன்டர்நெட்டை மேய்ந்து, தான் கற்றுக்கொண்டதை ஒவ்வொரு வரியாகக் காட்டும். இங்கே இருக்கும் பெண்கள் 'சரி' அல்லது 'தப்பு' என்று அழுத்த வேண்டும். ஒரே சேதி மூன்று இடத்தில் வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'சரி'. அவ்வளவுதான் சட்டம், இதற்கு எம்.ஏ. படிக்க வேண்டியதில்லை.

'கிணற்று மோட்டார் திருடியவர் சவுரியப்பன்.' மூன்று பேப்பரில் வந்த சேதி என்ற குறிப்போடும் ஊர்ப் பெயரோடும் இந்த வரி மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் 'தப்பு' என்று அழுத்தியிருந்தாள். இன்னொரு தடவை அப்படி அழுத்தினால் அவள் வேலை போய்விடும்.

கூப்பிட்டுக் கேட்டார்.

"சவுரியப்பன் உங்க ஊருதானே?"

"ஆமாங்க சார்."

வந்ததே கோபம். ஊர்ப்பாசத்தை ஆபீஸில் காட்டாதே, மூன்று பேப்பர்காரனுமா சேர்ந்து பொய் எழுதுவான், நீ என்ன ஜட்ஜா என்று பொரிந்து தள்ளிவிட்டார்.

அவள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். கோர்ட்டுத் தீர்ப்பின் நகல். சவுரியப்பன் குற்றவாளி இல்லை, விடுதலை. போன வாரம் காய்ச்சல் என்று லீவு போட்டாளே, அன்றைக்கு அலைந்து வாங்கியிருக்கிறாள்.

"புடிச்சுட்டுப் போனதை மூணு பேப்பர்ல போட்டாங்க. வுட்டதை ஒருத்தரும் போடலீங்க. அவரு பொண்ணைப் பாக்க வந்தவங்க போன்ல பேரைப் போட்டுப் பாத்துட்டு அப்படியே திரும்பிட்டாங்க. இனிமே கம்ப்யூட்டரும் கத்துக்கிச்சுன்னா, யாரு கேட்டாலும் திருடன்னுதாங்க சொல்லும்."

மாதவராஜ் தீர்ப்பை இரண்டு முறை படித்தார். மனசு இளகிவிட்டது. மேலதிகாரிகளுக்குத் தானே எழுதிப் போடுவதாகவும், அவள் வேலைக்கு ஒன்றும் வராது என்றும் சொன்னார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. அந்தப் பொண்ணு நீதானே?"

ஆக்சிலியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்லீங்க சார். வரப்புத் தகராறுல தன் மோட்டாரைத் தானே ஒளிச்சு வெச்சுட்டு, சவுரியப்பன் மேல பொய்ப் புகார் குடுத்தாரே ஒருத்தரு, நான் அவரோட பொண்ணுங்க."