செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க

மனைவி இறந்தபின் கடையை மூடிவிட்ட மளிகைக்காரர், பழைய பாய்மரப் படகு ஒன்றை விலை பேச வந்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க," என்றார் படகுக்காரர்.

ஏறும் பலகையருகே, வெயிலில் வெளுத்த செருப்புகள் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. வேறு யாரோ முந்திக்கொண்டார்கள் என்று பதறி ஏறினார். படகில் யாருமே இல்லை.

தெம்பு வந்து, அடிமாட்டு விலைக்குக் கேட்டார். படகுக்காரர் உடனே தலையாட்டினார். மளிகைக்காரருக்கே மனசு கேட்கவில்லை.

"இந்த விலைக்குக் குடுத்தா உங்களுக்கு என்னங்க மிஞ்சும்?"

"படகு மிஞ்சும்," என்றார் படகுக்காரர். "வீட்ல உங்களைத் தேடுவாங்களா?"

"தேட யாரு இருக்கா? ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்."

படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். கரை விலகியபின் மளிகைக்காரர் திரும்பிப் பார்த்தார். படகுக்காரர் குனிந்து, அவருடைய செருப்பை மண் போகத் தட்டி, வரிசையின் கடைசியில் வைத்துக்கொண்டிருந்தார்.