ஒரு ஸ்டார்

"கார்பெட்டையே கெடுத்துட்டாங்க. மெரூன் கலரு தட்டு அளவுக்கு வெளுத்துப்போச்சு. ஜஸ்டின்னு ஒருத்தர் வந்தார். கேட்டா, 'ஆமாங்க, கழுவுற மருந்து கூடிப்போச்சு'ங்கறார். யாரும் இவங்களக் கூப்பிடாதீங்க."

கீழே ஒரே ஒரு ஸ்டார்.

ஷர்லி போனைப் புருஷன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இது நெசமாங்க?"

"ம். கொஞ்சம் கூடிப்போச்சு" என்றான் ஜஸ்டின்.

"நாலு வருசமாக் கூடாத மருந்து நேத்து மட்டும் கூடிப்போச்சா?"

அவன் மெஷின் குழாயைச் சுற்றிவைத்தான்.

புதுக்கோட்டையில் கார்பெட், சோபா சுத்தம் செய்து தருகிற சின்னத் தொழில் அவர்களுடையது. சுத்தம் செய்வது ஜஸ்டின். வேலை பிடிப்பது ஷர்லி. எந்த மண்டபத்துக்கு எந்த மாசம் போய்ப் பேசுவது, எந்தக் காலனியில் கார்டு கொடுப்பது, திருவிழாவுக்கு முன்னால் எந்தச் சர்ச்சுச் சாமியாரைப் பார்ப்பது என்று ஒரு நோட்டு நிறையத் திட்டம் எழுதியிருந்தாள். இலுப்பூரில் புதிதாகத் திறந்த கல்யாண மண்டபத்து மேனேஜர், "ஒங்க ரிவ்யூவெல்லாம் பாத்துட்டு வெள்ளிக்கிழம சொல்றேன்" என்றிருந்தார். அது கிடைத்தால் வருசம் முழுக்க வேலை.

இன்றைக்குப் புதன்.

"நம்ம மருந்து சாயத்த எடுக்காது. ஒங்களுக்கும் தெரியும். நானே போயி அந்த மேடத்துக்கிட்டக் காட்டிட்டு வாரேன்."

"வேணாம் ஷர்லி. விட்டுரு."

"செய்யாத தப்ப ஒத்துக்கிட்டு வந்து நிக்கிறீங்க. ஒங்களுக்கெல்லாம் தொழில் எதுக்குங்க?"

மருந்து பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்துவிட்டாள்.

மணிமேகலை மேடம் ரிட்டயரான ஆபீசர். ஷர்லி யாரென்று சொன்னதும் உட்காரச் சொல்லவில்லை.

"அஞ்சு நிமிசம் குடுங்க மேடம். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

சோபாவுக்கு அடியில், கண்ணில் படாத ஓரமாகப் பார்த்து, மருந்தைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே கார்பெட்டில் ஊற்றினாள். கொஞ்ச நேரம் ஊறவிட்டு வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தாள். துணியில் அழுக்குதான் வந்தது. கார்பெட் அதே மெரூனில் இருந்தது.

"பாருங்க மேடம். கலக்காம ஊத்துனாலே சாயம் போகல. அங்க வெளுத்திருக்கிறது வேற. பிளீச்சிங் பவுடர் பட்டாத்தான் இப்படி வெளுக்கும்."

மேடம் குனிந்து துணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப, இந்த வீட்டுக்குள்ளதான் யாரோ செஞ்சிருக்கணும்."

"அப்படித்தான் மேடம் இருக்கணும்."

"சரி. ரிவ்யூவ இப்பவே எடுத்துடறேன். செஞ்சுட்டு வாயத் தொறக்காம இருந்தவங்க நாளைலருந்து இங்க வர வேண்டியதில்ல. என் மகன் துபாய்லருந்து கொண்டாந்தது இது." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "உண்ணாமலை, இங்கிட்டு வா."

வீட்டு வேலை செய்கிற உண்ணாமலை சமையலறையிலிருந்து வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். பச்சைச் சேலை. கொசுவத்தின் கீழ்ப்பகுதியில் மழைத்துளி விழுந்த மாதிரி அங்கங்கே வெளுத்துப் புள்ளி புள்ளியாக இருந்தது.

ஷர்லி அதைப் பார்த்தாள். ஷர்லி பார்த்ததை உண்ணாமலையும் பார்த்தாள்.

"கார்பெட்ல நீ எதையாச்சும் ஊத்துனியா?" என்றார் மேடம்.

உண்ணாமலை முந்தானையை இழுத்துக் கொசுவத்தை மறைத்தாள்.

"மேடம்" என்றாள் ஷர்லி. "இது வேற பாட்டிலு. நேத்து அவரு கொண்டாந்தது இதில்ல."

"அதுனால?"

"அதுல கலக்குனது தப்பாயிருக்கணும். இப்பத்தான் ஞாபகம் வருது. இவங்கள ஒண்ணும் கேக்காதீங்க. எங்க தப்புதான்."

மேடம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அப்ப நான் எழுதுனது அப்படியேதான் இருக்கும்."

"இருக்கட்டும் மேடம்."

வீட்டுக்கு வந்தபோது ஜஸ்டின் வாசலில் மெஷின் டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஒங்களுக்கு நேத்தே தெரியும்ல?"

குழாயை மூடினான். "நான் போனப்ப அந்தம்மா அழுதுக்கிட்டு நின்னுச்சு. கொழம்புக் கறையப் போக்குறேன்னு பிளீச்சிங் தண்ணிய ஊத்திருச்சு. மக நர்சிங் கடைசி வருசமாம். இந்த வேலையும் போனா அந்தப் பிள்ள படிப்பு நின்னுரும்னுச்சு."

"எங்கிட்டயாச்சும் சொல்லிருக்கலாம்லங்க."

"சொல்லலாம்னுதான் வந்தேன். நீ ஸ்டார எண்ணிக்கிட்டு இருந்த. சொன்னா நேரா அங்க போயி நின்னுருவியோனு பயமா இருந்துச்சு."

காலையில் அவள் அப்படித்தான் போயிருந்தாள்.

"அங்க என்ன சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டான்.

"தப்பு நம்மளுதுன்னு சொல்லிட்டேன்."

ஜஸ்டின் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

அவள் போனை எடுத்தாள். அந்த ஒரு ஸ்டாருக்குக் கீழே, வெள்ளிக்கிழமை மண்டபத்து மேனேஜர் படிப்பார் என்று தெரிந்தே டைப் செய்தாள்:

"மன்னியுங்கள் மேடம். மருந்தைத் தப்பாகக் கலந்து கொடுத்தது நான்தான். என் கணவர் மேல் தவறில்லை. – ஷர்லி."