சித்திரையில் கிறிஸ்துமஸ் பாட்டு

ஜெப்சனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று ஏற்காட்டு மலைக் கிராமமான கொட்டச்சேட்டில் யாரும் சொல்லவில்லை. சொன்னது அவர் பெற்ற பிள்ளைதான்.

பின்னே, சித்திரை மாதத்தில் தினமும் காலையில் கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டால் வேறு என்ன சொல்வதாம்?

கிங்ஸ்டனுக்குப் பெங்களூரில் வேலை. அம்மா போனதிலிருந்து அப்பா இங்கே தனியாக இருக்கிறார். போன் செய்யும்போதெல்லாம் பின்னால் அதே பாட்டு. பொங்கல் முடிந்தது, ஈஸ்டரும் போனது, பாட்டு நிற்கிற வழியாக இல்லை. டாக்டரிடம் நேரம் வாங்கிக்கொண்டு, காரை எடுத்துக்கொண்டு ஏற்காடு ஏறிவிட்டான்.

"அப்பா, இது என்ன மாசம்?"

"மே மாசம். கிழமையும் சொல்லட்டுமா?"

"அப்புறம் எதுக்கு கிறிஸ்துமஸ் பாட்டு?"

"நல்லா இருக்கு, போடறேன்."

நன்றாகத்தான் இருந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் கோயிலில் கைதட்டிக்கொண்டே பாடுகிற பழைய இசைத்தட்டு அது. ஒரு பெண் குரல் மேலே மேலே ஏறும். பின்னால் ஒரு கூட்டமே அதைத் தாங்கிப் பிடிக்கும். ஜெப்சன் கண்ணை மூடி, நாற்காலிக் கையில் தாளம் போடுவார்.

ஆனால் குரல் உச்சிக்குப் போகிற இடத்தில் தட்டில் ஒரு கீறல். ஊசி அங்கே சிக்கி, ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பப் பாடும். ஜெப்சன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் ஊசியைத் தள்ளிவைப்பார். பாட்டு ஓட ஆரம்பித்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம்தான் கிங்ஸ்டனைப் பயமுறுத்தியது.

"நாளைக்குக் காலையில கிளம்பறோம்பா. டாக்டரைப் பாத்துட்டு என்கூடவே இருந்துடுங்க. இங்க நீங்க விழுந்து கிடந்தாக்கூட ஏன்னு கேக்க ஆளில்ல."

பெட்டியைக் கட்டியது மகன்தான்.

காலையில் பெட்டி காருக்குப் போனதும் கிங்ஸ்டன் தன் போனை ஒரு ஸ்பீக்கரோடு இணைத்து ஜன்னலோரம் வைத்தான்.

"கடைசியா இங்க ஒருதரம் கேளுங்க. அதே பாட்டுதான், கீறல் இல்லாம."

பாட்டு கணீரென்று வந்தது. அந்த இடம் வந்தபோது ஜெப்சன் பாதி எழுந்தார். பாட்டு வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அவர் திரும்ப உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் காப்பி எஸ்டேட்.

பாட்டு முடிந்த கொஞ்ச நேரத்தில் பின்கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் ஓடிவந்தார்கள். எஸ்டேட்டில் செடிகளின் கிளை கழிக்கிற கவாத்து வேலை பார்க்கிற கௌரியும் அவள் புருஷன் வெள்ளையனும். வெட்டின கத்தி கையிலேயே இருந்தது.

கிங்ஸ்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கதவைத் தட்டிட்டு வரமாட்டீங்களா? இது என்ன சத்திரமா?"

கௌரி அவனைக் கவனிக்கவே இல்லை. "அய்யா, நல்லாத்தானுங்க இருக்கீங்க?"

"இருக்கேன் கண்ணு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க நடக்குது இங்க?" என்றான் கிங்ஸ்டன்.

"பாட்டு சிக்கலீங்க தம்பி. அதான் ஓடியாந்தோம்" என்றாள் கௌரி.

"பாட்டு சிக்கலைன்னா ஓடி வருவீங்களா?"

"ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா? போன கிறிஸ்துமஸுக்கு நீங்க வரலீங்கல்ல, அப்ப ஒரு நாளு பாட்டு சிக்கிக்கிட்டு ஒரே வார்த்தையவே பாடுச்சுங்க. அய்யா எடுத்து உட்டுருவாரேன்னு பாத்தோம். உடவே இல்ல. ஊட்டுக்குள்ள வந்தா, சக்கரை எறங்கி, பேச்சு மூச்சில்லாம கெடக்கறாரு. இவருதான் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுனாரு. இன்னும் செத்த நேரம் போயிருந்தா ஆகாதுன்னாருங்க டாக்டரு."

கிங்ஸ்டன் அப்பாவைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார்.

வெள்ளையன் சொன்னான். "அன்னைல இருந்து காலைல பாட்டு சிக்கி, மறுக்கா ஓடுனாத்தானுங்க எங்களுக்குக் கத்தி புடிக்கத் தோணும். ஓடுச்சுன்னா அய்யா எந்திரிச்சு நடக்கறாருன்னு அர்த்தம். இன்னிக்கு சிக்கவே இல்லீங்களா, ஒண்ணும் புடிபடல. மத்தபடி அந்தப் பாட்டுல எங்களுக்கு ஒரு வார்த்தை தெரியாதுங்க. ஆனா நொம்ப நல்லா இருக்கும்."

ஆள் கணக்கு எடுக்கிற எஸ்டேட் ரைட்டர் தேடுவார் என்று இருவரும் கிளம்பினார்கள். கௌரி போகும்போது, "தட்டாம வந்ததைத் தப்பா எடுத்துக்காதீங்க தம்பி" என்றாள். கிங்ஸ்டன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஏம்பா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா கூட்டிட்டுப் போயிருவே."

கிங்ஸ்டன் காரிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்து உள்ளே வைத்தான். ஒரு சங்கதி மட்டும் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

"அவங்க கேக்கணும்னுதானே போடறீங்க? இத்தனை ரெக்கார்டு இருக்கே, மே மாசத்துல எதுக்குப்பா கிறிஸ்துமஸ் பாட்டு?"

ஜெப்சன் எழுந்து போய்ப் பழைய தட்டை எடுத்துத் துடைத்து வைத்தார்.

"என் உசுரைத் தூக்கிட்டு ஓடுனவங்க அவங்க. நிம்மதியா வேலையைத் தொடங்கட்டும்னு என்னால செய்ய முடிஞ்சது இது ஒண்ணுதான். மத்த ரெக்கார்டு எதுவும் சிக்க மாட்டேங்குதே, சாமி."